எந்த பிலிமுக்கு ஐம்பது?

அவரிடம் ஒரு எண்ணை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. கம்பைநல்லூரில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வாடகைக்கு மாடி பார்க்கப் போனபோதே இது தெரிந்துவிட்டது. கூடத்து மேசையில் மூன்று பழைய பிலிம் கேமராக்கள் பிரித்துக் கிடந்தன. பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, என் மாமா வைத்திருந்த கேமராவில்கூட ஐம்பது எம்.எம். லென்ஸ் இருந்தது என்றேன். வீட்டுக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எந்த பிலிமுக்கு அம்பதுங்க?"

"தெரியலைங்க. ஐம்பதுன்னு எழுதியிருக்கும்."

"எழுதியிருக்கறது எல்லாத்துலயுந்தான் எழுதியிருக்கும். முப்பத்தஞ்சு பிலிமுல அம்பதப் போட்டா நம்ம சாதாரணமா பாக்கற மாதிரி இருக்கும். அந்த அகல பிலிமு இருக்குதுங்களே, நூத்தியிருபது, அதுல அம்பதுன்னா வூடு, வாசலு, பக்கத்து வூட்டு மாடு எல்லாம் உள்ள வந்துரும். அங்க சாதாரணம்னா எம்பது போடணும். பாதி பிரேம் கேமரான்னா முப்பத்தஞ்சே போதும். அதனாலதான் கேக்கறன், எந்த பிலிமுக்கு அம்பது?"

வீடு பார்க்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா? மொதல்ல மாடியக் காட்டுங்க. நீ வா கண்ணு." அந்த 'கண்ணு'வுக்காகத்தான் அந்த வீட்டில் ஐந்து வருடம் இருந்தேன்.

வீட்டுக்காரர் பெங்களூரில் கேமரா பழுது பார்க்கும் கடை ஒன்றில் வெகுகாலம் இருந்துவிட்டு, அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பியிருந்தார். நிலத்தில் மல்பெரி போட்டு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை கட்டிப் பட்டுப்புழு வளர்த்தார்கள். நான் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை பார்த்தேன். கொட்டகை கொட்டகையாகப் போய்ப் புழுக்களைப் பார்த்து, நோயிருக்கிறதா, இலை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று குறிப்பு எழுதுவது என் வேலை. ஆக வீட்டுக்காரரே என் அலுவலக நோட்டிலும் ஒரு பெயராக இருந்தார். எத்தனை முறை சொல்லியும் என்னை மேடம் என்பதை அவர் விடவில்லை. நான் அண்ணா என்பேன். அவர் மனைவி எனக்கு அக்கா.

அவருக்குக் கேமரா என்றால் போட்டோ எடுப்பது இல்லை. எடுத்த படங்கள் ஒரு செருப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். ஒரு கேமராவில் தெரிவதை இன்னொரு கேமராவுக்கு மாற்றிச் சொல்வதில்தான் அவருக்கு ருசி. கல்யாணப் பத்திரிகை அட்டையில் மூன்று ஓட்டை வெட்டி வைத்திருந்தார். ஒன்று சதுரம், ஒன்று நீள்சதுரம், மூன்றாவது அதில் பாதி. ஜன்னலோரம் ஒரு லென்ஸை நிறுத்தி, பின்னால் எண்ணெய் தடவிய தாளைப் பிடித்தால் தெருவே தலைகீழாக அந்தத் தாளில் விழும். அதன்மேல் அட்டையை வைப்பார். சதுர ஓட்டையில் கோயிலும் டீக்கடையும் பேருந்தும் தெரியும். சின்ன ஓட்டையில் டீக்கடைக்காரர் மட்டும்.

"லென்ஸ் அதேதான் மேடம். தாளுல விழற படமும் அதே அளவுதான். பின்னால எவ்ளோ எடம் இருக்குதோ அவ்ளோதான் தெரியும். சனங்க லென்ஸப் பாத்து ஏமாந்துடறாங்க."

இதையே நான் குறைந்தது இருபது தடவை கேட்டிருப்பேன். நான் வாய் சும்மா இருக்கிறவள் இல்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் "அண்ணா, இந்தத் தோசை பாதி பிரேம்ல எத்தனை எம்.எம்.?" என்பேன். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமுவார். அவர் கோபப்பட மாட்டார். மொரப்பூரில் ஒரு கல்யாணத்தில், எண்பத்தைந்து லென்ஸ் வைத்திருப்பதாகப் பெருமையடித்த கேமராக்காரரைப் பிடித்துக்கொண்டு, உன் கேமராவுக்குள் படம் விழுகிற சில்லு எத்தனை அகலம் என்று கேட்க ஆரம்பித்து, பந்தி முடிந்து இலை எடுக்கும்வரை விடவில்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தன் கையில் இருப்பது என்ன என்றுகூடத் தெரியாமல் ஒருவன் எப்படிப் படம் எடுப்பான் என்று திரும்பும் பேருந்து முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

இப்படிப் புலம்பிய மனுஷனுக்குத்தான் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்?

முதலில் புழுக்கள்தான் காட்டிக்கொடுத்தன. நாலாவது தோல் உரித்த புழு அசுரத்தனமாகத் தின்னும். புழுப் படுக்கை முழுக்க ஒரே சீராக இலை போட வேண்டும். அக்கா பார்த்துக்கொண்ட படுக்கைகளில் நடுவில் இலை குவிந்து கிடந்தது. ஓரத்துப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. ஓரத்துக்கு மட்டும் ஏன் பட்டினி என்று கேட்டேன். "போட்டனே கண்ணு," என்று அக்கா விழித்தார். அண்ணா குரலை உயர்த்தினார். "கவனமே கெடையாது. எங்கயோ நெனப்பு. நேத்து சுவத்துல இடிச்சிக்கிட்டா, முந்தா நாளு வாளிய எட்டி ஒதச்சா." நான் என் நோட்டில் 'ஓரங்களில் பராமரிப்பு போதாது' என்று எழுதினேன். அந்த வரியை இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

கண்ணைச் சோதிக்காமல் இல்லை. அவரே மூன்று முறை கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார். எழுத்து அட்டையில் அக்கா கடைசிப் பொடி வரிவரைக்கும் தடுமாறாமல் படித்தார். ஒவ்வொரு முறையும் கண்ணாடி கொஞ்சம் மாறியது. மூன்றாவது கண்ணாடியை இவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அருமையான லென்ஸ் என்று சான்றிதழ் கொடுத்தார். ஊசியில் நூல் கோக்கிறாள், அரிசியில் கல் பொறுக்குகிறாள், கண்ணுக்கு என்ன கேடு என்று கேட்டார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் அக்கா வாசலில் நின்ற பைக்கின்மேலேயே நடந்து போய் விழுந்ததில் பல் உதட்டைக் கிழித்தது. அப்போதுதான் சேலத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் எழுதினால் படித்துச் சொல்ல என்னையும் அழைத்துக்கொண்டார்கள். ஒரு இயந்திரத்துக்குள் தலையை வைத்து, எங்கெங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறது என்று சோதித்தார்கள். முடிவில் ஒரு தாள் வந்தது. தாள் முழுக்கக் கறுப்பு. நட்ட நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை. டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. நடுவில் மட்டும் பார்வை மிச்சம். அதனால்தான் எழுத்தைப் படிக்க முடிந்தது.

"எத்தன டிகிரி இருக்குதுங்க?" என்று கேட்டார் அவர்.

டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "சுமார் இருபது."

அவர் உதடுகள் அசைந்தன. எனக்குத் தெரியும், மாற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து பிலிமில் நூறு. அகல பிலிமில் நூற்றைம்பது. பாதி பிரேமில் எழுபது.

"லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. நரம்புதான் பிரச்சினை. போனது திரும்ப வராது. சொட்டு மருந்து விட்டு, இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்."

சேலம் பேருந்து நிலையத்தில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்க என்னோடு வந்தார். கடைக்காரர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருக்கிறார், இவர் வாங்கவில்லை.

"பின்னால பிலிமு சுருங்கிட்டே வந்திருக்குது மேடம். நான் ரெண்டு வருஷமா லென்ஸ மாத்திட்டு இருந்திருக்கறன். ஊருல இருக்கறவன் போறவன் எல்லார்கிட்டயும் எந்த பிலிமு, எந்த பிலிமுன்னு கேட்டன். என் வூட்டுல இருக்கறவள ஒரு வார்த்த கேக்கல."

விடுங்க அண்ணா என்றேன். அதைவிட உபயோகமில்லாத சொல் தமிழில் இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் மல்பெரிக் கொல்லையின் ஊடே நேராக ஒரு நடைபாதை போகும். பின்வாசலில் அக்காவை நிற்க வைத்து, எதிரே இவர் நடந்துபோய் நிற்பார். "தலயிலிருந்து காலுவரைக்கும் ஒரே பார்வையில தெரியறனா? கண்ண ஆட்டாம சொல்லு." கால் தெரியவில்லை என்றால் இன்னும் பின்னால் போவார். முழு ஆளும் அடங்கும் இடத்தில் ஒரு மல்பெரிக் குச்சியை நட்டார். பதினாறு அடி. மருத்துவமனைக் கணக்கோடு அது சரியாகவே பொருந்தியதில் அவர் முகத்தில் ஒரு நிமிடம் பழைய ருசி வந்துபோனது. பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் இதே வேலை. ஆறு மாதத்தில் இருபத்திரண்டில் ஒரு குச்சி. வருடம் திரும்பும்போது முப்பத்திரண்டில் இன்னொன்று.

"எவ்ளோ ஆச்சுங்க?" என்று அக்கா கேட்பார்.

"பாதி பிரேமுல வெறும் நூத்தி நாப்பதுதான்."

அதே பார்வை முப்பத்தைந்து பிலிமில் இருநூறு, அகல பிலிமில் முந்நூறுக்கு மேல். எண் ஏற ஏறப் பார்வை குறுகும்; எனக்கே அந்தக் கணக்கு அதற்குள் மனப்பாடம். எந்த பிலிம் என்று சொல்லாமல் எண்ணைச் சொல்வதே பாவம் என்றிருந்த மனுஷன், எந்த பிலிமில் எண் சின்னதாக வருமோ அதைத் தேடிப் பொறுக்கிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அக்காவுக்கும் அது தெரியும். "நான் என்ன கேமராவாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்.

அண்ணா சும்மா இருக்கவே மாட்டார். சொட்டு மருந்து நேரத்தை ஒரு நிமிடம் பிசகாமல் பார்த்தார். அகலமாகப் பார்ப்பதற்காகக் கேமராவின் தலையில் செருகும் ஒரு குட்டிக் கண்ணாடி உண்டு. அதைப் பழைய மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் கட்டி அக்காவுக்கு மாட்டிவிட்டார். பத்து நாள் ராத்திரி விளக்கில் உட்கார்ந்து செய்த வேலை. அக்கா அதன் வழியே வாசலைப் பார்த்து, "அட, தெருவே தெரியுது," என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வை, குழந்தை பிறந்ததைக் கேட்ட தகப்பன் பார்வை. அக்கா தொடர்ந்தார்: "ஆனா எல்லாரும் புழுவாட்டம் இத்தினிக்கோண்டு இருக்கறாங்க. அது நீங்களா, எதுத்த வூட்டுக்காரரான்னே தெரியல." ஒரு வாரம் அவருக்காக மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு கழுத்து வலிக்கிறது என்று கழற்றி வைத்தார்.

தர்மபுரி, சேலம், பெங்களூர் என்று சுற்றினார்கள். போகிற இடத்திலெல்லாம் பிலிமை மாற்ற முடியாதா என்றே கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒரே பதில் என்பதனாலேயே அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வத்தல்மலைக்குப் போகும் வழியில் யாரோ ஒருவர் கண்ணில் பச்சிலை பிழிகிறார் என்று யாரோ சொல்ல, என்னிடம் சொல்லாமல் கூட்டிப்போனார். மூன்று நாள் அக்காவின் இமை திறக்கவில்லை. நான் கொல்லையில் வைத்துக் கத்திவிட்டேன்.

"அண்ணா, அவங்க மனுஷி. கொஞ்சம் விடுங்க அவங்களை."

"உடச் சொல்றீங்களா மேடம்?" கையிலிருந்த குச்சியை அவர் கீழே போடவில்லை. "உட்டா போயிருமே."

நான் படியேறி மாடிக்குப் போய்விட்டேன்.

குச்சி நாற்பத்தைந்து அடிக்குப் போனபோது, வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஊசி போட்டே நரம்பை முளைக்க வைக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டு வந்தார். கண்ணுக்குள்ளேயே ஊசி. மொரப்பூரில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும். சேலத்து டாக்டரம்மாவிடம் நானே போனில் கேட்டேன். அது மோசடி, போகவே கூடாது என்றார். அதையும் சொன்னேன். இவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இந்த ஞாயித்துக்கெழம நாப்பத்தஞ்சுல நான் முழுசா தெரிஞ்சா அப்படியே இருக்கட்டும், சொட்டு மருந்தே போதும். தெரியலைன்னா புதங்கெழம கெளம்பறோம். வேற பேச்சில்ல."

சனிக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறி வந்தார்.

"கண்ணு, போயிடுச்சு."

"என்னக்கா?"

"நடுவுல இருந்ததும். நாலு நாளாச்சு. வெயிலா நெழலான்னு மட்டுந்தான் தெரியுது. வூடு பழகினதால அவருக்குத் தெரியல. சொல்லிடாத."

ஈரத் துணி என் கையிலேயே இருந்தது. நாளைக்கே சேலத்துக்குப் போகலாம் என்றேன். சேலத்துக்கு வேண்டுமானால் அப்புறம் வருகிறேன் என்றார், அங்கே யாரும் அதட்ட மாட்டார்கள். ஆனால் இன்னொரு ஊர், இன்னொரு கை வேண்டாம். "அந்தப் பச்சிலைக்கு அப்புறம் யாராச்சும் மூஞ்சிகிட்ட கையக் கொண்டாந்தாலே ஒடம்பு நடுங்குது கண்ணு. எனக்குப் பாக்க ஆசையில்லாமயா? ஆனா என்னால முடியல. நாளைக்கு எம்பக்கத்துல வந்து நின்னுக்க. அவரு எந்தப் பக்கம் நிக்கறாருன்னு எங்கைய லேசாத் திருப்பிவுடு. மீதிய நான் பாத்துக்கறன்."

ஒரு மனுஷனை ஏமாற்றத் துணை போவதா என்று அப்போது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்று இரவு மட்டும் யோசித்தேன். தப்பென்று இன்றுவரை தோன்றவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி வெயில். அப்போதுதான் மல்பெரியை அறுத்திருந்தார்கள். கொல்லை மொட்டையாக, கடைசி வேலிவரை வெறிச்சென்று கிடந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பளிச்சென்று தெரியட்டும் என்று. நடந்துபோய் நாற்பத்தைந்தாம் அடிக் குச்சியை ஒட்டி, காலைச் சேர்த்து வைத்து நின்றார். பள்ளியில் தண்டனைக்கு நிறுத்தியதைப் போல விறைப்பாக நின்றார். நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து ஒரு நூலளவு திருப்பினேன்.

"தெரியறனா?"

"தெரியறீங்க."

"தல?"

"தலதான் முழுசா நரைச்சுப் போச்சே."

"காலு?"

"காலும்தான்."

அவர் அசையவில்லை. நம்புவதா வேண்டாமா என்று நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுத்தது கையைத் தூக்கிக் காட்டி எத்தனை விரல் என்று கேட்பார். அக்காவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், முந்திக்கொண்டார்.

"என்னாங்க இது, கழுத்துப் பொத்தானப் போடாம நிக்கறீங்க? ஊரு சனம் பாக்கறாங்க, போடுங்க."

அவர் குனிந்து பார்த்தார்.

பொத்தான் போட்டிருந்தது. கழுத்துவரை எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். என்னால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. அவர் குனிந்த தலையை வெகுநேரம் நிமிர்த்தவில்லை. பிறகு இரண்டு கையையும் மெதுவாகக் கழுத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பொத்தானைக் கழற்றினார். திரும்பவும் போட்டார்.

"ஆமா, கவனிக்கல," என்று உரக்கச் சொன்னார். "இப்ப போட்டுட்டன்."

"ம். இப்ப சரி," என்றார் அக்கா.

அவர் நடந்து வந்தார். முகம் நனைந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை. யாருக்காகத் துடைக்க வேண்டும்? நான் இருப்பதை அவர் மறந்துவிட்டார். அக்கா அவர் காலடிச் சத்தம் வந்த பக்கமாகக் கையை நீட்டினார். அந்தக் கையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோங்க இன்னிக்கு?" என்று கேட்டார் அக்கா.

"போன வாரத்து அளவுதான்."

"கொறையலியே?"

"ஒரு துளி கொறையல."

"அப்ப புதங்கெழம?"

"எதுக்கு?" என்றார். "அதான் நல்லாத் தெரியுதே உனக்கு."